பழைய பித்தளைப் பாத்திரம் பார்த்து வாங்குவது எப்படி: கழுத்திலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

எங்கள் ஆயாவின் கல்யாணத் தவலை தண்டையார்பேட்டை வீட்டுப் பின்கட்டில், எருமைக் கொட்டகைப் பரணில் மூன்று மழைக்காலம் கிடந்தது. அக்கா கல்யாணத்துக்கு அதை இறக்கி, புளி போட்டு விளக்கி, தண்ணீர் பிடித்தோம். முக்கால்வாசி நிரம்பியதும் கழுத்தைச் சுற்றி மயிரிழை போலக் கோடு கோடாகத் தண்ணீர் கசிந்தது. பாத்திரம் எங்கும் விழவில்லை, யாரும் அதைத் தட்டவில்லை, ஓர் ஒடுக்குகூடக் கிடையாது. பாத்திரப் பட்டறையிலேயே வளர்ந்த எங்கள் நைனா அதைக் கவிழ்த்து, நிமிர்த்தி, விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இன்னா இது, தானா வெடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். ஆயா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்கான விடை பல வருஷம் கழித்து எனக்குத் துப்பாக்கித் தோட்டாவைப் பற்றிப் படித்தபோது கிடைத்தது. தோட்டாவின் உறையும் பித்தளைதான். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த படைகள் மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது வழக்கம். மழை விட்டுத் திறந்து பார்த்தால் உறைகள் தாமாகவே வெடித்திருக்கும். அதிலும் குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில்தான் வெடிப்பு அதிகம். பருவத்தோடு வந்ததால் இதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணத்தை 1921ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, மழைக்கால ஈரம், அடித்து இழுத்துச் செய்த தகட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் பித்தளை கிழியும். குதிரை லாயத்துக்குப் பதில் எருமைக் கொட்டகை, தோட்டாவுக்குப் பதில் தவலை. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவேதான்.

அன்றிலிருந்து பழைய பித்தளை எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும். காயலாங்கடையிலோ, பழைய வீடு காலி செய்யும் இடத்திலோ, சவுகார்பேட்டைப் பாத்திரக் கடைகளிலோ வாங்கி, ஈயம் பூசி, மறுபடி அடுப்பில் ஏற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பளபளப்பையும் கனத்தையும் மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் கை வைக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில், எது பித்தளை

பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும். விற்கிறவரே இரண்டையும் குழப்புவார். பொங்கல் வைக்கும் வெண்கலப் பானை, உருளி போன்றவை வார்த்து எடுப்பவை. தடிமனாக இருக்கும், தட்டினால் மணி போல நெடுநேரம் ஒலிக்கும், கீழே போட்டால் உடையும். தகட்டில் அடித்த பித்தளை கீழே விழுந்தால் ஒடுங்கும், உடையாது.

துத்தநாகம் குறைவாக இருந்தால் நிறம் செம்மை தட்டும். கூடக் கூட மஞ்சள் தூக்கும். 30 சதவீதம் துத்தநாகம் உள்ள பித்தளைதான் அடிக்க, இழுக்க, மடிக்க மிகவும் இணங்கும். தோட்டா உறைக்கு உலகம் முழுக்க அந்த அளவையே பிடித்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். ஏறக்குறைய 37 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உலோகம் முரடாகிவிடும், சூடு காட்டாமல் அடித்தால் ஒத்துழைக்காது. அப்படிப்பட்டதில் குடம் கழுத்தை நெருக்க முடியாது. ஆகவே நன்றாக உருண்டு, கழுத்து ஒடுங்கி, வாய் விரிந்த பழைய குடம் ஒன்று உங்கள் கையில் இருந்தால், தகடு நல்ல தகடு என்பதற்கு அந்த வடிவமே பாதிச் சாட்சி.

சமைக்க வாங்குகிறீர்கள் என்றால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: அடித்த தகட்டுப் பாத்திரத்தை மட்டும் வாங்குங்கள், வார்த்த பித்தளையை வாங்காதீர்கள். வார்ப்படத்தில் பழைய குழாய், வால்வு எல்லாம் உருக்கிக் கலப்பது வழக்கம். குழாய்ப் பித்தளையில் கடைசலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று 2, 3 சதவீதம் காரீயம் (லெட்) சேர்த்திருப்பார்கள். விளக்கு, மணி, தூபக்கால் இவற்றுக்கு அதனால் குற்றம் இல்லை. குழம்பு வைக்கும் பாத்திரத்துக்கு ஆகாது. எது வார்ப்பு, எது தகடு என்று தெரிய உட்புறம் தடவிப் பாருங்கள். வார்த்ததில் பொடிப் பொடியாக மணல் பதிந்த சொரசொரப்பு இருக்கும், கனமும் ஒரே சீராக இருக்காது. தகட்டில் சுத்தியலின் வட்ட வட்டத் தடமோ, கடைசல் பிடித்த வரியோ தெரியும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு காந்தம், ஒரு சின்ன டார்ச், ஒரு கொக்கித் தராசு, தையல் மிஷின் எண்ணெய் நனைத்த துணி, ஒரு துண்டு சாக்பீஸ். இவ்வளவே போதும்.

காந்தம் பித்தளையில் ஒட்டாது. உடம்பில் ஒட்டினால் அது இரும்பின் மேல் பூசிய முலாம், வைத்துவிட்டு நகருங்கள். விளிம்பில் மட்டும் ஒட்டினால் பதற வேண்டாம். அண்டா, வாளி போன்றவற்றில் வாய் விளிம்பு நிற்க உள்ளே இரும்புக் கம்பி வைத்துத் தகட்டை மடித்திருப்பார்கள். அது நல்ல வேலைப்பாடு. அந்த மடிப்பில் துரு கசிந்து பழுப்புக் கோடு இறங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள். கம்பி துருப்பிடித்து ஊதினால் மடிப்பு பிளக்கும்.

கழுத்து

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற எல்லாக் குறைக்கும் மருந்து உண்டு. கழுத்து வெடித்த பாத்திரத்துக்கு உண்மையில் மருந்து இல்லை.

ஏன் கழுத்து? தட்டையான வட்டத் தகட்டை அடித்து உருட்டி மேலே கொண்டுவரும்போது, வயிறு விரிகிறது, கழுத்து நெருங்குகிறது. நெருக்கிய இடத்தில் உலோகம் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். வருஷங்கள் போனாலும் அந்த இறுக்கம் போகாது. அம்மோனியா ஆவியும் ஈரமும் பட்டால் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த இடம்தான். குடத்தில் கழுத்து, தவலையில் தோள், டம்ளரில் வாய் விளிம்பு, சொம்பில் கழுத்தும் வாயும் சேரும் வளைவு.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். பாத்திரத்தை வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிறுத்தி, டார்ச்சை உள்ளே விட்டு, வெளியே இருந்து கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒளி கசிந்தால் அங்கேயே தீர்ந்தது. கசியாவிட்டாலும் நம்பிவிடக் கூடாது, வெடிப்பு பாதி ஆழத்தில் நின்றிருக்கும். அடுத்து, உள்ளே கையை விட்டு நகத்தைக் கழுத்தின் உட்புறத்தில் மேலும் கீழும் இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோட்டில் நகம் சிக்கும்.

இந்த நகச் சோதனையைத் துப்பாக்கிக்காரர்களும் செய்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. மேக்னம் என்று சொல்லும் பெரிய ரைபிள் தோட்டாக்களில் உறை படும் பாடு சாதாரணமல்ல. 1963ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. நம் கார் டயரில் இருப்பது 30 சொச்சம். சில நாடுகளில் போட்டிக்குச் சுடுகிறவர்கள் சுட்ட உறையை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவார்கள். அதற்கு முன் ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து, உறைக்குள் விட்டு, அடிப்பக்கச் சுவரில் உரசி இழுப்பார்கள். கம்பி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் அந்த உறை அங்கே மெலிந்துவிட்டது, அடுத்த முறை இரண்டாகப் பிரியும் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலுக்குத் தெரியவைக்கும் வழி அது. கை நுழையாத சொம்புக்கு நானும் அதே கம்பியைத்தான் பயன்படுத்துகிறேன்.

(இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். காயலாங்கடைக் குவியலில் தோட்டாவோ, உறை போன்ற எதுவோ கண்ணில் பட்டால் பித்தளை நல்லதாக இருக்கிறதே என்று கையில் எடுக்காதீர்கள். 112க்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.)

மூன்றாவது சோதனையை என் சித்தப்பா கற்றுக் கொடுத்தார். பெரம்பூர் லோகோ பட்டறையில் வேலை பார்த்தவர். ரயில் அச்சிலும் சக்கரத்திலும் வெடிப்பு தேடப் பழைய நாளில் ரயில்வே பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணப் பொடியும் வைத்துப் பார்ப்பார்கள். அதே முறைதான். கழுத்தைச் சுத்தமாகத் துடைத்து, மிஷின் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிஷம் விடுங்கள். பிறகு எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்து, சாக்பீஸ் தூளை மேலே தேயுங்கள். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல மேலே ஊறி, வெள்ளைப் பொடியில் கருங்கோடாகத் தெரியும். கடைக்காரர் அவசரப்படுத்தினால், "அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வரேன், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் மறுக்க மாட்டார்.

சுண்டிப் பார்ப்பது நான்காவது. பாத்திரத்தை விளிம்பில் தொங்கவிட்டு விரல் முட்டியால் கழுத்தருகே தட்டுங்கள். முழுப் பாத்திரம் தெளிவாக ஒலிக்கும், வெடித்தது கரகரக்கும். சந்தைச் சத்தத்துக்கு நடுவே இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எடை சொல்லும் கதை

கைக்குக் கனமாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பித்தளைத் தகடு சுமார் எட்டரைக் கிலோ இருக்கும். 10 லிட்டர் பிடிக்கும் உருண்டைக் குடத்தின் மேற்பரப்பு கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அந்தக் குடம் இரண்டு கிலோவை ஒட்டி இருந்தால் தகடு சராசரி ஒரு மில்லிமீட்டர். ஒன்றே கால் கிலோதான் என்றால் 0.6 மில்லிமீட்டர், தண்ணீர் பிடிக்கப் போதும், அடுப்பில் வைத்துப் பொங்கலோ பாயசமோ கிண்டப் போதாது. வெந்நீர் அண்டாவுக்கு இன்னும் தடிமன் வேண்டும்.

சிறிய சாமானில், அதுவும் விளக்கில், பித்தளை உண்மையா என்ற சந்தேகம் வந்தால் தண்ணீரில் எடை போடுங்கள். சொம்பு வெளியே 850 கிராம். நூலில் கட்டி, காற்றுக் குமிழி எதுவும் தங்காமல் வாளித் தண்ணீரில் முழுக்கி, தரையில் படாமல் தொங்கவிட்டால் 750 கிராம் காட்டுகிறது என்று வையுங்கள். குறைந்தது 100. 850ஐ 100ஆல் வகுத்தால் 8.5. அது பித்தளை. துத்தநாகக் கலவையை வார்த்து முலாம் பூசியதாக இருந்தால் விடை 7க்கும் கீழே நிற்கும். உள்ளே மெழுகோ மண்ணோ அடைத்துக் கனம் கூட்டிய விளக்குத் தண்டும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது என்பதால் அந்தப் பெயரைச் சொல்லி எதையும் விற்கப் பார்ப்பார்கள். பெயருக்குப் பணம் கொடுக்கும் முன் விளக்கின் பகுதிகளைத் திருகிக் கழற்றி உட்புறம் பாருங்கள்.

அடியில் சிவப்பு

கழுத்துக்கு அடுத்தபடி அடிப்பாகம். பித்தளையின் மஞ்சள் நடுவே செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தால் கவனியுங்கள். புளி போட்டு விளக்கிய உடனே லேசாக ஒரு செம்மை வரும், அது மேலோட்டம், சாம்பலோ பொடியோ போட்டு நன்றாகத் தேய்த்தால் போய்விடும். தேய்த்தும் போகாமல், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால், அங்கே துத்தநாகம் கரைந்து போய்ப் பஞ்சு போன்ற செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பார்க்கத் தடிமன் அப்படியே இருக்கும், பலம் இருக்காது.

நம் பக்கத்தில் இது அதிகம். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கமெல்லாம் போர் தண்ணீரில் உப்பு. நிலத்தடியில் கடல் நீர் ஏறிய இடங்கள். உப்பு நீரைப் பித்தளையில் நாள்கணக்கில் தேக்கி வைத்தால் துத்தநாகம் கரையும். மயிலாப்பூர்ப் பாட்டி வீட்டுக் குடமும் எண்ணூர்ப் பாட்டி வீட்டுக் குடமும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதாக இருந்தாலும் அடி ஒன்றுபோல் இருக்காது. விற்கிறவரிடம் எந்த ஏரியா வீட்டுச் சாமான் என்று கேட்டுவிடுங்கள்.

வயிற்றில் ஒடுக்கு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள். கறுப்பு, பச்சைக் களிம்பு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் குறையே இல்லை. அதனால்தான் விளக்காத பாத்திரத்தை வாங்க நான் விரும்புகிறேன். பாலிஷ் மெஷினில் வைத்துப் பளபளவென்று ஆக்கிய பழைய பாத்திரத்தில் மெழுகும் பாலிஷ் மண்ணும் வெடிப்புக் கோட்டை அடைத்துவிடும்.

பற்றவைத்த இடங்களைப் பற்றி ஒரு வரி. பித்தளைப் பொடி வைத்துப் பற்றியிருந்தால் கோடு மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். அது நிற்கும். சாம்பல் நிறத்தில் மெத்தென்று திரண்டிருந்தால் அது பற்றீயம் (சால்டர்), அதில் காரீயம் இருக்கும். அந்தப் பாத்திரம் செடி வைக்க உதவும்.

பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இது தரத்துக்காகச் சொல்வதல்ல. யாருடைய சீரிலோ வந்தது, யாரோ கஷ்டத்தில் போட்டது. ஒரு பெயர், ஊர், சில சமயம் தேதியும் இருக்கும். எவர்சில்வர் வந்த காலத்தில் வீட்டுப் பித்தளையை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, பிறகு அம்மா பெயர் வெட்டிய குடம் ஒன்றாவது கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர் இருக்கிறார்கள். அந்தப் பெயரைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். உங்கள் பெயரை வேண்டுமானால் பக்கத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

ஒடுக்கு எடுப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும்

பித்தளை அடிக்க அடிக்க இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் கிழியும். எனவே பெரிய ஒடுக்கை எடுக்கும் முன் அந்த இடத்தைச் சூடு காட்டி இளக்க வேண்டும். இருட்டான இடத்தில் வைத்துப் பார்த்தால் மங்கலாகச் சிவக்கிற அளவு சூடு போதும். பிறகு தண்ணீரில் முக்கினாலும் கேடில்லை. இரும்பை அப்படிக் குளிர்வித்தால் விறைக்கும், பித்தளை இளகியே இருக்கும். சூடு காட்டாமல் சுத்தியலை எடுக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

பாத்திரம் முழுவதையும் இளக்கிவிடக் கூடாது என்பதும் முக்கியம். அடி மெத்தென்று ஆகிவிட்டால் தண்ணீர் நிரப்பித் தரையில் வைக்கும்போதே உள்வாங்கும். தோட்டா செய்கிறவர்கள் இதில் மிகவும் கறார். கழுத்தை மட்டும் சூடு காட்டி இளக்குவார்கள், அடிப்பாகத்தை இறுகிய நிலையிலேயே விடுவார்கள். அடி இளகினால் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது. நைனா தவலை அடிக்கும்போது கடைசியில் அடிப்பாகத்தை மட்டும் குளிர்ந்த நிலையில் மறுபடி ஒரு சுற்று தட்டுவார். ஏன் நைனா என்று கேட்டால், "குந்த வெச்சா குந்தணும் இல்ல" என்பார்.

கழுத்து இறுக்கத்தைத் தணிக்க அவ்வளவு சூடுகூடத் தேவையில்லை. 250இலிருந்து 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் உள் இறுக்கம் தளரும், உலோகமும் மெத்தென்று ஆகாது. ஈயம் பூசும்போது பாத்திரம் அந்தச் சூட்டை எட்டுகிறது. நேரம் குறைவு என்றாலும் ஓரளவு பயன் உண்டு. கழுத்து வரை சீராகச் சூடு காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈயம் பூசுதல்

புளி, தக்காளி, மோர், எலுமிச்சை எதுவும் வெறும் பித்தளையில் படக் கூடாது. களிம்பேறும், குமட்டும், வயிற்றைப் புரட்டும். தண்ணீரும் அரிசியும் வைக்க ஈயம் வேண்டாம். சமைக்க ஈயம் கட்டாயம்.

இங்கே ஏமாற்று எங்கே நடக்கும் என்றால், வெள்ளீயத்துக்குப் பதில் காரீயம் கலந்த பற்றீயத்தை உருக்கிப் பூசிவிடுவார்கள். வெள்ளீயம் விலை அதிகம், உருக 232 டிகிரி வேண்டும். பற்றீயம் மலிவு, 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், வேலை சுலபம். பூசிய பிறகு இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். காரீயம் உடம்பில் சேர்ந்தால் லேசில் வெளியேறாது, குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும். இந்த விஷயத்தில் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம்.

பூசும் முன் ஈயக் குச்சியைக் கையில் வாங்குங்கள். காதருகே வைத்து வளையுங்கள். சுத்தமான வெள்ளீயம் வளையும்போது நறநறவென்று ஒரு சிணுங்கல் கேட்கும். உள்ளே உள்ள படிகங்கள் சட்டென்று திசை மாறித் திரும்பும் சத்தம் அது. காரீயம் சத்தமே போடாது. பிறகு குச்சியை வெள்ளைத் தாளில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். பென்சில் போலக் கறுப்பாக எழுதினால் காரீயம் இருக்கிறது. எனக்கு ஈயம் பூசித் தரும் பாயிடம் முதல் தடவை இதைச் செய்தபோது கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் தன் பையிலிருந்து இன்னொரு குச்சியை எடுத்து, "இதையும் வளைச்சுப் பாரு தம்பி, இதான் நல்ல சத்தம்" என்றார். தொழில் தெரிந்தவருக்குச் சோதிக்கிறவரைப் பிடிக்கும்.

வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். முதலில் உட்புறம் மணல் போட்டுத் தேய்த்து உலோகம் தெரிய வேண்டும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவினால் வெண்புகை எழும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், மூச்சை அடைக்கும். ஈயக் குச்சியைத் தொட்டதும் உருகி ஓடும், பஞ்சால் சுற்றித் தடவுவார். நல்ல பூச்சில் மஞ்சள் எங்கும் எட்டிப் பார்க்காது, கழுத்தின் உள் வளைவில் திட்டு விடாது, அடியில் குட்டை போலத் திரண்டிருக்காது.

இப்போது பலரும் கவனிக்காத ஒன்று. நவச்சாரம் அம்மோனியா உப்பு. விளிம்பு மடிப்பிலும் கழுத்து வளைவிலும் அது மிச்சமிருந்து ஈரம் பட்டால் எருமைக் கொட்டகையையே பாத்திரத்துக்குள் வைத்த மாதிரி. வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஊற்றி மூன்று தடவை கழுவி, தண்ணீர் கொதிக்கவிட்டுக் கொட்டி, வெயிலில் உலர்த்துங்கள். முதல் சமையலுக்கு முன் அரிசி கழுவிய தண்ணீரைக் காய்ச்சி ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம்.

அடுப்பில்

ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது. வெறும் பாத்திரம் சில நிமிஷத்தில் 232ஐத் தாண்டும், பூச்சு முத்து முத்தாக உருண்டுவிடும். தண்ணீரோ பாலோ ஊற்றிய பிறகுதான் தீ. தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்டுங்கள். மரக் கரண்டி போடுங்கள். எவர்சில்வர் கரண்டியால் சுரண்டினால் மாதக் கணக்கில் இருக்க வேண்டிய பூச்சு வாரத்தில் போகும். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் புளிச் சமையலை நிறுத்திவிட்டு ஈயத்துக்குக் கொடுங்கள்.

தீயைக் குறைத்து வையுங்கள். எவர்சில்வரைவிடப் பித்தளை ஏழெட்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால்தான் அடியில் பிடிக்காமல் பால் சுண்டுகிறது, பொங்கல் ஒரே பதமாக வேகிறது. எவர்சில்வருக்கு வைக்கும் தீயை இதற்கு வைக்க வேண்டியதில்லை.

எங்கே வைப்பது

பரணில் வைக்கலாம், துடைத்து உலர்த்தி, சுத்தமான துணியில் சுற்றி. கக்கூஸ் மேல் பரண் ஆகாது, மாட்டுக் கொட்டகை ஆகாது, கோழிக் கூண்டுக்கு மேல் ஆகாது, செடிக்கு வாங்கிய யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் ஆகாது. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் அம்மோனியா உண்டு, அதைத் தெளித்துப் பித்தளை விளக்கைத் துடைக்காதீர்கள். அந்த வாசனை எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த இரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் காரம் மூக்கில் லேசாகத் தட்டும் எந்த இடத்திலும் பித்தளையை விடாதீர்கள்.

உப்புத் தண்ணீர் வரும் வீடு என்றால் குடத்தில் மெட்ரோ தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், ராத்திரி மிச்சத்தைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். ஈரத் தரையில் அல்ல, மரப்பலகை மேல், விளிம்புக்குக் கீழே காற்றுப் போகும்படி.

ஆயாவின் தவலையை நைனா எடைக்குப் போடவில்லை. கழுத்தை முழுக்க அறுத்து எடுத்துவிட்டு, வயிறு வரை நிறுத்தி, விளிம்பு மடித்து, சருவமாக்கிக் கொடுத்தார். வெடிப்பு கழுத்தோடு நின்றிருந்தது. இப்போதும் பொங்கலன்று அதை இறக்கும்போது புது விளிம்பைச் சுற்றி எண்ணெய் தடவி, சாக்பீஸ் தூள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்கிறேன்.